கேளுங்கள், சொல்கிறோம்: பூச்சியின் மூளையும் முட்டையும்

சென்ற இதழில் பட்டுப்புழுவின் ஹார்மோன்கள் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் ஏழு இங்கே.

வெண்பட்டு முட்டையை அமிலத்தில் முக்கி எடுத்தால்தான் பொரிக்கும் என்கிறார்கள். உயிருள்ள முட்டையை அமிலத்தில் போடுவது எப்படிச் சரியாகும்? — பட்டு விவசாயி, ஓசூர்

வெண்பட்டு இனங்களின் முட்டை இட்ட கையோடு வளரத் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் தூங்கிவிடும். குளிர்நாட்டில் பனிக்காலத்தைக் கடக்க ஏற்பட்ட பழக்கம் அது. தூங்கச் சொல்லும் கட்டளை முட்டையில் பிறப்பதில்லை, தாயிடமிருந்து வருகிறது. தாயின் தலையில் உணவுக்குழாய்க்குக் கீழே ஒரு நரம்புமுடிச்சு உண்டு. அங்கிருந்து சுரக்கும் உறக்க ஹார்மோன் கூட்டுப்புழுப் பருவத்திலேயே சூலகத்தைச் சென்றடைகிறது. 1951-ல் ஜப்பானில் ஹசேகவா, ஃபுகுடா இருவரும் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். அது 24 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு என்று தெரிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

அந்தத் தாய்க்கு யார் சொன்னது? அவள் முட்டையாக இருந்தபோது அனுபவித்த சூடு. 25 டிகிரியில், வெளிச்சத்தில் அடைகாக்கப்பட்டவள் வளர்ந்து தூங்கும் முட்டை இடுவாள். 15 டிகிரியில், இருட்டில் இருந்தவள் தூங்காத முட்டை இடுவாள். கருவுக்குள் இருக்கும் ஒரு வெப்ப உணர்வுப் புரதம்தான் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்று 2014-ல் தெரியவந்தது. ஆக, பாட்டி வீட்டுச் சூடு பேத்தியின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது.

ஹார்மோன் சூலகத்தில் செய்யும் வேலை, முட்டைக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை அதிகம் சேர்ப்பது. தூக்கம் தொடங்கியதும் அந்தக் கிளைக்கோஜன் சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாறுகிறது. இரண்டு மூன்று மாதம் 5 டிகிரி அருகே குளிரில் வைத்தால் அது பழையபடி கிளைக்கோஜனாகும், கரு விழிக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதபோது, தூக்கம் பிடிப்பதற்கு முன்பே தட்டி எழுப்புவதுதான் அமில முறை.

இதைச் செய்வது வித்தகம், அதாவது பட்டு முட்டை தயாரிக்கும் நிலையம். விவசாயி வீட்டில் செய்யக் கூடாது. ஆனால் முறை தெரிந்திருந்தால், வாங்கும் முட்டையில் என்ன பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். முட்டை இட்டு 25 டிகிரியில் 20 முதல் 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அட்டையிலிருந்து உதிராமலிருக்க முதலில் 2 சத ஃபார்மலினில் நனைக்கிறார்கள். பிறகு 1.075 ஒப்படர்த்தி கொண்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 46.1 டிகிரி சூட்டில், சுமார் 5 நிமிடம். உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, நீல லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும் வரை அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முட்டைக்கு வயது கூடிவிட்டால் தூக்கம் இறுகிப்போய் அமிலம் வேலை செய்யாது. ஈர அட்டைகளை அடுத்தடுத்து முக்குவதால் அமிலம் நீர்த்துவிடும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்காத வித்தகத்தில் இது நடக்கும். மூன்றாவது சூடு. அளவு மீறி ஏறினால் கரு சாகும், இறங்கினால் முட்டை பாதி பாதியாக நான்கைந்து நாள் இழுத்துப் பொரிக்கும்.

உங்களுக்கு ஓர் எளிய அடையாளம்: தூங்கிய முட்டை சில நாளில் கருஞ்சாம்பல் நிறத்துக்குப் போய் அப்படியே நிற்கும். விழித்த முட்டை வெளிறிய மஞ்சளாகவே இருந்து, பொரிக்கும் முன் கரும்புள்ளி கண்டு நீலம் பாயும். புள்ளி கண்ட அன்றே கறுப்புத் துணியால் மூடி இருட்டில் வைத்து, பொரிக்கும் நாள் காலையில் வெளிச்சம் காட்டுங்கள். முன்னும் பின்னுமாக இருப்பவை ஒன்றாகப் பொரிக்கும்.

ஐந்தாம் பருவப் புழு பத்து நாளாகத் தின்றுகொண்டே இருக்கிறது. உருண்டு திரண்டிருக்கிறது, ஆனால் கூடு கட்டவில்லை. பக்கத்து வயலில் கத்தரிக்கு மருந்தடித்திருந்தார்கள். — தருமபுரி மாவட்டம்

முதலில் நோயா என்று பாருங்கள். ஒரு புழுவின் வயிற்றுக்கால் நுனியைக் கத்தரித்தால் ஒரு சொட்டு நீர் வரும். பால் போல வெளுத்திருந்தால் கிராசரி என்கிற பால்புழு நோய். அந்தப் புழுக்களின் கணுக்கள் வீங்கியிருக்கும், தொட்டால் தோல் கிழியும், நிலைகொள்ளாமல் தட்டின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும். சொட்டு தெளிவாக இருந்து, தோல் திடமாக இருந்து, இலை மட்டும் குறைவில்லாமல் உள்ளே போகிறது என்றால் சந்தேகம் பைரிப்ராக்சிஃபென் மீது விழ வேண்டும். கத்தரி, வெண்டை, மிளகாய், பருத்தி இவற்றில் வெள்ளை ஈக்கு அடிக்கும் சில மருந்துகளில் அது தனியாகவோ கலப்பாகவோ இருக்கிறது. டப்பாவின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தால் தெரியும்.

அது கொல்லும் விஷம் அல்ல, பூச்சியின் இளம்பருவ ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள். மூளைக்குப் பின்னால் கடுகைவிடச் சிறிதாக இருக்கும் அல்லாட்டா சுரப்பி அந்த ஹார்மோனைச் சுரக்கிறது. 'இன்னும் நீ புழுதான்' என்பதே அதன் செய்தி. ஐந்தாம் பருவத்தின் நடுவில் அது வற்றினால்தான் மூளை அடுத்த ஹார்மோனை விடும், எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோன் ஏறும், புழு தீனியை விட்டுப் பட்டு நூற்கும். இலை வழியாகப் போலி ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் அந்த வற்றல் நிகழாது. இத்தாலியின் போ நதிச் சமவெளியில் 1980-களின் இறுதியிலிருந்து புழுக்கள் கூடு கட்டாமல் போனதற்கு, பழத்தோட்டங்களில் அடித்த ஃபெனாக்சிகார்ப் என்ற இதே வகை மருந்துதான் காரணமாகக் கண்டறியப்பட்டது.

பாதிக்கப்பட்ட புழுவுக்கு மருந்து கிடையாது. இலையை மாற்றினால், குறைவாகத் தின்றவை மட்டும் தாமதமாகக் கூடு கட்டலாம். சோதனைக்காக இருபது புழுவுக்கு அந்த இலையைக் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு தொல்லை: மற்ற பூச்சிமருந்து என்றால் சில மணி நேரத்தில் புழு துடித்துக் காட்டிக்கொடுக்கும், இது எட்டாம் நாள்தான் தெரியும், அதற்குள் முழு மகசூலும் அதே இலையைத் தின்று முடித்திருக்கும். ஆகவே சோதனையை நம்பாமல் பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது மேல். அந்தப் பக்கத்து வரப்போர வரிசைகளைக் கவாத்து செய்து, இலையைப் புழுவுக்குக் கொடுக்காமல் ஒதுக்குங்கள்.

ஒரு துணைச் செய்தி. கரப்பான், வெட்டுக்கிளி போன்ற பல பூச்சிகளில் இந்த இளம்பருவ ஹார்மோனே வளர்ந்த பெண்ணிடம் முட்டைக்கு மஞ்சள்கரு சேர்க்கச் சொல்கிறது. பட்டுப்பூச்சியோ கூட்டுக்குள் இருக்கும்போதே எக்டைசோனைக் கொண்டு முட்டை வேலையை முடித்துவிடுகிறது. ஹார்மோன் ஒன்றே, பூச்சிக்குப் பூச்சி உத்தியோகம் வேறு. புத்தகத்தில் ஒரு பூச்சிக்குப் படித்ததை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துவதுதான் இத்துறையில் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

முதுகலை விலங்கியல் படிக்கிறேன். கொசு இரத்தம் குடித்ததும் முட்டை வளர்வது மூளை ஹார்மோனால்தான் என்பதைக் கல்லூரி ஆய்வகத்தில் நிரூபிக்க முடியுமா? — திருநெல்வேலி

முடியும். கருவி குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். முதலில் பின்னணி.

மூளை ஹார்மோன் சுரக்கும் என்பதே நூறாண்டுக்கு முன் நம்பப்படாத செய்தி. போலந்தின் ஸ்டெஃபான் கோபெச் கம்பளிப்புழுக்களின் உடலை நூலால் இறுக்கிக் கட்டி, மூளையிலிருந்து இரத்தத்தில் ஏதோ கலக்காவிட்டால் கூட்டுப்புழு உண்டாகாது என்று 1917-லும் 1922-லும் எழுதினார். இங்கிலாந்தில் விக்கிள்ஸ்வொர்த் 1936-ல் ரோட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் பூச்சியை எடுத்து, தலையை இரண்டு இடங்களில் வெட்டிப் பார்த்தார். மூளை போய் அல்லாட்டா சுரப்பி மிஞ்சும்படி வெட்டினால் முட்டை வளர்ந்தது. இரண்டும் போகும்படி வெட்டினால் வளரவில்லை. வெட்டும் இடம் ஒரு மயிரிழை மாறினால் முடிவே மாறும் என்பதை இங்கே கவனியுங்கள்.

ஈடிஸ் எஜிப்டி கொசுவில் வரிசை இது: வயிற்றில் இரத்தம் நிறைகிறது, மூளையின் நடுப்பகுதி நரம்புச் சுரப்புச் செல்கள் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனையும் இன்சுலின் போன்ற பெப்டைடையும் விடுகின்றன, சூலகம் எக்டைசோன் செய்கிறது, கொழுப்புத் திசு அதன் தூண்டலால் மஞ்சள்கருப் புரதத்தைத் தயாரித்து இரத்தம் வழியாகச் சூலகத்துக்கு அனுப்புகிறது. புரத உற்பத்தி சுமார் 24 மணியில் உச்சம், 36 மணிக்குள் அடக்கம், மூன்றாம் நாள் முட்டை தயார். மூளைச் செல்களின் பங்கை ஆர்டன் லீ 1967-ல் காட்டினார். சூலகம் எக்டைசோன் சுரக்கிறது என்பது ஹேகடோர்ன் குழுவின் 1975-ம் ஆண்டு வேலை. வளர்ந்த பூச்சியின் சூலகம் ஹார்மோன் தரும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை.

செய்முறைக்கு, கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து 3 முதல் 5 நாளான பெண் கொசுக்களை எடுங்கள். அதற்கும் இளையவற்றின் சூலகம் இரத்தத்துக்குத் தயாராகியிருக்காது. 10 சதச் சர்க்கரை நீரை முந்தின நாளே எடுத்துவிட்டால் நன்றாகக் குடிக்கும். கல்லூரி நெறிமுறைக் குழு அனுமதித்த வழியில், செயற்கைச் சவ்வு ஊட்டியால் இரத்தம் கொடுங்கள். நோய்க்கிருமி இல்லாத, ஆய்வகத்திலேயே வளர்த்த கொசுக் கூட்டம் மட்டும்தான் இதற்கு ஆகும். வயிறு முழுக்க நிறைந்தவற்றை நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்குங்கள். அரைகுறையாகக் குடித்த கொசு தலை இருந்தாலும் முட்டை வளர்க்காது. ஒன்றிரண்டு கலந்தாலே கணக்கு கெடும்.

ஐஸ் மேல் சில நிமிடம் வைத்து மயக்கி, குடித்து 1 மணி நேரத்துக்குள் நுண்ணிடுக்கியால் கழுத்தில் தலையைக் கிள்ளி எடுங்கள். நனைத்த வடிதாள் போட்ட மூடிய தட்டில் 27 டிகிரியில் வையுங்கள். தலையில்லாக் கொசு இரண்டு நாள் தாராளமாக உயிரோடிருக்கும், காய்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறப்பு அதிகமானால் காரணம் தொண்ணூறு சதம் ஈரப்பதம்தான், உங்கள் கை அல்ல.

ஒப்பீட்டுக் குழுக்களில்தான் ஆய்வு நிற்கிறது. தலை உள்ளவை, 1 மணியில் தலை எடுத்தவை, 24 மணியில் தலை எடுத்தவை, 1 மணியில் எடுத்து வெறும் உப்புக் கரைசல் ஊசி போட்டவை, 1 மணியில் எடுத்துத் தலைச் சாறு ஊசி போட்டவை. கடைசிக் குழு இல்லாவிட்டால் நீங்கள் நிரூபித்தது 'தலை போனால் முட்டை வளராது' என்பதை மட்டும்தான். காயத்தால் வளரவில்லை, செரிமானம் நின்றதால் வளரவில்லை என்று தேர்வாளர் மடக்கினால் பதில் இருக்காது. ஊசி அளவு அரை மைக்ரோலிட்டரைத் தாண்ட வேண்டாம். சாறு எடுக்கும்போது தலைகளை ஐசில் வைத்து, அமிலம் கலந்த மெத்தனாலில் அரையுங்கள். சும்மா உப்பு நீரில் அரைத்தால் தலையிலுள்ள நொதிகளே பெப்டைடைத் தின்றுவிடும். பெப்டைடு பிளாஸ்டிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். காயவைத்த சாற்றைக் கரைக்கும் நீரில் துளி அல்புமின் சேர்த்தால் இழப்பு குறையும். இதை விட்டுவிட்டு 'ஹார்மோன் வேலை செய்யவில்லை' என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு.

இரத்தம் குடித்த 24 முதல் 30 மணிக்குள், வயிற்றின் கடைசிக் கண்டத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சூலகம் வெளியே வரும். முட்டைக்குள் மஞ்சள்கரு எவ்வளவு நீளம் நிறைந்திருக்கிறது என்று கண்ணருகு அளவுகோலால் அளவெடுங்கள். ஒரு கொசுவுக்கு ஐந்து முட்டை, குழுவுக்குக் குறைந்தது பதினைந்து கொசு. கூடுதலாக 1, 4, 8, 12, 24 மணிகளில் தலை எடுத்து ஒரு வரைபடம் போட்டால், மூளையின் வேலை எப்போது முடிகிறது என்பது தெரியும். அந்த நேரம் வெப்பநிலைக்கும் கொசுக் கூட்டத்துக்கும் ஏற்ப மாறும், ஆகவே பிறர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

கொசு வளர்க்க வசதி இல்லை என்றால் பருத்திச் சிவப்புப் பூச்சி போதும். ஊறவைத்த பருத்தி விதையும் தண்ணீரும் கொடுத்தால் டப்பாவிலேயே பெருகும். இந்த வகைப் பூச்சிகளில் நம் பக்கத்தில் நல்ல முன்னோடி உண்டு: கேரளத்தில் கே. கே. நாயர் 1950-களில் இஃபிட்டா லிம்பேட்டா என்ற பெரிய சிவப்புப் பூச்சியின் நரம்புச் சுரப்பை விரிவாக ஆராய்ந்து, முட்டையிடுதலையும் மூளைச் செல்களில் தேங்கிய பொருள் வெளியேறுவதையும் தொடர்புபடுத்தினார். அவர் காலத்து வழியில் சாயமேற்றிப் பார்ப்பதானால் ஓர் எச்சரிக்கை. செல் நிறையச் சாயம் பிடித்திருக்கிறது என்றால் கடையில் சரக்கு தேங்கியிருக்கிறது என்றுதான் பொருள், வியாபாரம் அமோகம் என்று பொருள் அல்ல. சுறுசுறுப்பாக ஹார்மோன் விடும் செல் வெளிறித்தான் தெரியும்.

இனக்கவர்ச்சிப் பொறியில் இருப்பதும் ஹார்மோன்தானா? — அரியலூர்

இல்லை. ஹார்மோன் உடலுக்குள் பேசும், இனக்கவர்ச்சிப் பொருள் உடலுக்கு வெளியே காற்றில் பேசும். ஆனால் இரண்டுக்கும் முடிச்சு உண்டு. பெண் அந்துப்பூச்சி அந்த மணத்தைத் தயாரிக்க மூளை அனுமதி தர வேண்டும். பச்சைக் காய்ப்புழுவின் அமெரிக்க உறவான ஹெலிகோவெர்பா சியாவில் ராய்னா, க்ளூன் இருவரும் 1984-ல் அந்த மூளைப் பொருளைக் காட்டினார்கள். 1989-ல் அது 33 அமினோ அமிலங்கள் கொண்டது என்று தெரிந்தது. பட்டுப்பூச்சியில் இந்தப் பெப்டைடும் முதல் கேள்வியில் சொன்ன உறக்க ஹார்மோனும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன என்பது வேடிக்கை.

பொறி எக்டேருக்கு 12 வைத்து, குப்பியை டப்பாவில் சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள். காய்ப்புழுக் குப்பியைத் தொட்ட கையாலேயே புரொடீனியா என்ற இலைப்புழுவின் குப்பியையும் எடுத்து மாட்டாதீர்கள். மணம் கலந்தால் இரண்டுமே வீண்.

வேப்பங்கொட்டைச் சாறு பூச்சியை முட்டையிட விடாது என்பது உண்மையா? — மாடித் தோட்டக்காரர், மதுரை

பெரும்பகுதி உண்மை. வேம்பின் அசாடிராக்டினை 1968-ல் பிரித்தெடுத்தார்கள். வெட்டுக்கிளிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மூளைக்குப் பின்னால் நரம்பு ஹார்மோன்களைச் சேமிக்கும் கார்டியாக்கா உறுப்பில் சரக்கு வெளியேறாமல் தேங்கிப்போனது. கட்டளை வராததால் எக்டைசோனும் இளம்பருவ ஹார்மோனும் சரியான நேரத்தில் ஏறுவதில்லை. சூலகத்தில் முட்டை சுருங்கிக் கரைந்துபோகிறது. இதனால்தான் வேம்பு அடித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடுபவர்கள் ஏமாறுகிறார்கள். பலன் அடுத்த தலைமுறை குறைவதில் தெரியும்.

5 சதக் கரைசலுக்கு, பத்து லிட்டர் தேவையென்றால் அரைக் கிலோ பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். நூறு கிராம் சோப்பு கரைத்துக் கலந்தால் இலையில் ஒட்டும். கொட்டை பறித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதம் தாண்டக் கூடாது. பூஞ்சணம் பிடித்ததில் சத்து போயிருக்கும். அசாடிராக்டின் வெயிலில் சிதையும், ஆகவே மாலை மூன்றரைக்கு மேல் தெளிக்க வேண்டும். மீந்த கரைசலை நாளைக்கென்று எடுத்துவைக்காதீர்கள்.

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் தாய் இறாலின் ஒரு கண்ணை நசுக்குகிறார்கள். இதுவும் இதே கதையா? — மரக்காணம்

அதே கதைதான், தலைகீழாக. இறாலின் கண்காம்புக்குள் இருக்கும் சுரப்பி சூலகத்தை அடக்கிவைக்கும் நரம்பு ஹார்மோனை விடுகிறது. கண்காம்பை நீக்கினால் இறாலின் சூலகம் பெருக்கிறது என்று பிரான்சில் பனூஸ் 1943-ல் காட்டினார். கொசுவில் மூளை தள்ளிவிடுகிறது; இங்கே பிடித்து நிறுத்துகிறது. ஒரு காம்பை எடுத்தாலே பிடி தளரும், இரண்டையும் எடுத்தால் இறால் பிழைப்பது அரிது. தோலுரிப்புக்கு நெருக்கத்தில் செய்தால் முட்டைக்குப் பதில் தோல் உரியும், உரித்த கையோடு செய்தால் செத்துப்போகும். ஓடு கெட்டியான இடைப்பட்ட நிலைதான் சரியான சமயம். மேலும் மேலும் முட்டை வாங்கினால் தாயின் சேமிப்பு வற்றி, முட்டையின் தரம் இறங்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நரம்பு ஹார்மோன் பூச்சிமருந்து ஏன் கடைக்கு வரவில்லை? — கோயம்புத்தூர்

முன்பெல்லாம் தடை, பொருள் கிடைக்காததுதான். 1954-ல் பூட்டனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து 25 மில்லிகிராம் எக்டைசோன் எடுத்தார்கள். முதன்முதலில் அமைப்பு கண்டறியப்பட்ட பூச்சி நரம்புப் பெப்டைடான புராக்டோலினுக்கு 1975-ல் 125 கிலோ கரப்பான் தேவைப்பட்டது. கிடைத்தது சுமார் 180 மைக்ரோகிராம். இன்று மரபணுத் தொகுதியைப் படித்தே பெப்டைடின் அமைப்பைச் சொல்லிவிடலாம், எந்திரத்தில் தயாரித்தும் விடலாம்.

இப்போதைய தடை பூச்சியின் உடல். பெப்டைடு நீரில் கரையும், மேல்தோலோ மெழுகு. தெளித்தால் உள்ளே போகாது. தின்னக் கொடுத்தால் குடலில் புரதம் போலச் செரித்துவிடும். ஊசியால் போட்டாலும் இரத்தத்திலுள்ள நொதிகள் நிமிடக் கணக்கில் துண்டாக்கும், ஏனென்றால் ஹார்மோன் என்றாலே வேலை முடிந்ததும் அழிய வேண்டிய பொருள். இளம்பருவ ஹார்மோன் மட்டும் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு என்பதால்தான் மெத்தோபிரீன், பைரிப்ராக்சிஃபென் எல்லாம் சந்தைக்கு வந்தன. கொசுத் தொட்டிகளில் பைரிப்ராக்சிஃபென் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் அளவிலேயே போதுமானது என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்காக ஒரு பெப்டைடு இருக்கிறது. ஈடிஸ் கொசுவின் சூலகம், முட்டை வளர்ந்தபின் குடலுக்கு 'டிரிப்சின் என்ற செரிமான நொதி போதும்' என்று சொல்லி அனுப்பும் பத்து அமினோ அமிலச் சங்கிலி. 1990-ல் ஃபுளோரிடாவில் டோவ் பொரோவ்ஸ்கி கண்டறிந்தார். அதன் வாலில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஆறு முறை அடுத்தடுத்து நிற்பதால் குடல் நொதிகளுக்கு எளிதில் வெட்ட வாய்க்காது. கொசுப்புழு அதைத் தின்றால் வயிற்றில் தீனி இருந்தும் செரிக்காமல் பட்டினியில் சாகிறது. பாசியிலும் ஈஸ்டிலும் அந்தப் பெப்டைடை விளைவித்துப் புழுவுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மற்றப் பெப்டைடுகளில், நொதி வெட்டும் இடத்தில் இயற்கையில் இல்லாத அமினோ அமிலத்தைச் செருகி ஆயுளை நீட்டுவது ஒரு வழி. வெட்டுப்படாமல் நின்றாலும் மேல்தோலைத் தாண்ட வேண்டும். அதற்குக் கொழுப்புச் சங்கிலி ஒன்றை ஒட்ட வைக்கிறார்கள். அப்படி ஒட்டியதும், செல்லில் ஹார்மோனை ஏற்கும் ஏற்பியில் பொருந்தாமல் போவதும் உண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.